எறும்பு என்ற பெயரில் வந்த ஆள்

பஸ் டிப்போவின் மாடியில், டயர்க் கிடங்குக்கு நேர் மேலே அவளுடைய அறை. ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை வரும், மூடினால் ரப்பர் வாடை. டிக்கெட் விற்கும் கம்ப்யூட்டர்கள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே அவள் உத்தியோகம். கவுன்டரில் வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்வரை மாடியில் ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. வரிசை நின்றுவிட்டால் மேனேஜர் முதல் மெக்கானிக் வரை படியேறி வந்து வாசலில் நின்றுவிடுவார்கள்.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், சொல்லிக்கொடுக்க வந்தவரிடமே, "உங்க லைசென்ஸக் காட்டுங்க, பாத்துட்டு உக்கார்றேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே எடுத்து நீட்டினார். காலாவதித் தேதியையும் பார்த்த பிறகுதான் ஏறினாள். பின்னால் அந்த மனிதரையே கல்யாணமும் செய்துகொண்டாள். "ஆர்.சி. புக்கயும் கேட்டிருப்பா, நல்லவேளை லைசென்ஸோட விட்டுட்டா" என்று அவர் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளம் கிடையாது, ஆனால் மனசு முழுக்க அதில்தான். 'மேஸ்திரி' என்று ஒரு மென்பொருள். கட்டட வேலையில் மேஸ்திரி என்ன செய்வாரோ அதைத்தான் அது கம்ப்யூட்டர்களிடம் செய்தது. ஒரு நிறுவனத்தின் வேலைகள் கிளவுடில் எங்கெங்கோ உள்ள கம்ப்யூட்டர்களில் பரவிக் கிடக்கும். யாருக்கு எந்த வேலை, யாருக்குச் சுமை கூடிவிட்டது, யார் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார், அவருடைய வேலையை யார் தலையில் கட்டுவது, எல்லாவற்றையும் அது பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். அது திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். டிப்போவும் பயன்படுத்தியது, ஆஸ்பத்திரிகளும் பயன்படுத்தின.

அனுப்பப்படும் திருத்தங்களைப் படித்துப் பார்த்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்லும் சிலரில் அவளும் ஒருத்தி. வரிவரியாகச் சலித்துத் தள்ளுவதால் அங்கே அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர் விழுந்தது. அங்கே எல்லாருக்கும் அப்படி ஒரு பெயர்தான். நேரில் பார்த்துக்கொண்டவர்கள் குறைவு.

மேஸ்திரியை முதன்முதலில் எழுதியவர் ஒரு கல்லூரி ஆசிரியர். 'வாத்தியார்' என்றே எல்லாரும் சொல்வார்கள். புதுப் பதிப்பு வெளியாகும்போது, இது அசல்தான் என்று முத்திரை போட ஒரு டிஜிட்டல் சாவி உண்டு. அந்தச் சாவி அவரிடம் மட்டும் இருந்தது. வர வர அவருக்கு மணிக்கட்டு வலி. கொஞ்ச நேரம் டைப் செய்தாலே விரல்கள் மரத்துப்போவதால், கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாவியை வாங்கிக்கொள்ள வாத்தியார் ஆள் தேடிக்கொண்டிருந்தார். சல்லடையைத்தான் முதலில் கேட்டார். டிப்போ வேலையே கழுத்து வரை இருக்கிறது என்று அவள் மறுத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எறும்பு வந்தது.

வந்தது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது அவனா அவளா, அவரா அவர்களா, யாருக்கும் தெரியாது. யாரும் தொட விரும்பாத குப்பை வேலைகளையெல்லாம் எறும்பு எடுத்துச் செய்தது. வருஷக்கணக்காகக் கிடந்த சின்னச் சின்னப் பிழைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு திருத்தத்தை அவள் திருப்பி அனுப்பினால், "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கிச் சுட்டிக்காட்டியமைக்கு மிக்க நன்றி. தங்கள் ஆலோசனையின்படி மாற்றியுள்ளேன்" என்று பதில் வரும்.

அதைப் படித்துவிட்டு அவள் கணவரிடம் சொன்னாள்: "யாருங்க இப்படி எழுதுவாங்க? பேங்க்ல லோன் தர மாட்டேன்னு சொல்றப்ப எழுதுற மாதிரி இருக்கு."

"மரியாதையா பேசினாலும் உனக்கு ஆகாதா?"

"மரியாதை வேற. இது இஸ்திரி போட்ட மரியாதை."

மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் வீடியோவில் பேசுவார்கள். எறும்பு வராது. ஒருமுறை மைக் பழுது, ஒருமுறை தொண்டை சரியில்லை, ஒருமுறை உறவினர் வருகை. திருத்தங்கள் பகல் முழுக்க வந்துகொண்டிருக்கும். ஆனால் கேள்வி கேட்டால் பதில் மாலையில்தான். கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரலுக்கும் மனிதர்களுக்கு எழுதும் கடிதத்துக்கும் ஒட்டவே ஒட்டாது. நிரல் சுருக்கமாக, வெடுக்கென்று, கொஞ்சம் திமிராகக்கூட இருக்கும். கடிதம் கைகட்டி நிற்கும். ஒரே ஆள்தானா, இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேஷம் போடுகிறார்களா என்று அவளுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

மற்றவர்களுக்கு எறும்பு என்றால் உயிர். "உங்களுக்கு மட்டும் என்ன பிரச்சனை சல்லடை?" என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். பிரச்சனை என்னவென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் வாத்தியார் குழுவுக்கு எழுதினார். சாவியை எறும்பிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்று.

அந்தச் சாவி கெட்ட கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அவள் நன்றாக அறிவாள். விஷம் வைத்த ஒரே ஒரு வரி போதும். அசல் முத்திரையோடு எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். ஆஸ்பத்திரிக்காரன் தன் கையாலேயே எடுத்துத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்வான். முகம் தெரியாத ஓர் ஆள், பணிவாக நடந்து, பொறுமையாகக் காத்திருந்து, சோர்ந்துபோன ஒரு பெரியவரிடம் சாவியை வாங்கிக்கொள்கிறார். திருடன் வந்தால் இப்படித்தானே வருவான்?

"கொஞ்சம் டைம் குடுங்க சார், நான் பாத்துட்டு சொல்றேன்" என்று வாத்தியாருக்கு எழுதினாள். எறும்பு இதுவரை அனுப்பிய திருத்தங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டாள். டிப்போவில் கிடைத்த இடைவெளியிலெல்லாம் அதே வேலை. பஸ்கள் கீழே ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தில் பேனாவைப் பல்லில் கடித்தபடி வரிவரியாகப் போனாள். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போகப் போக, சந்தேகம்தான் வளர்ந்தது.

வீட்டில் சொன்னபோது கணவர் காரின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் கார். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு.

"தப்பே பண்ணாத லேர்னரப் பாத்தா எனக்கும் பயம்தான்" என்றார். "கிளட்ச்ல கால வெச்ச உடனே தெரிஞ்சிடும். ஏற்கனவே லைசென்ஸ் வெச்சிருந்து, எங்கயோ மோதினதால அதப் புடுங்கியிருப்பாங்க. புதுசா கத்துக்க வந்த மாதிரி வந்து உக்காருவான்."

அவள் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவள் மனசு வேறெங்கோ இருந்தது.

இரண்டு நாள் கழித்து எறும்பிடமிருந்து ஒரு புதுத் திருத்தம் வந்தது. மேஸ்திரிக்குள் ஓர் இடத்தில் ஒரு சின்னக் காத்திருப்பு உண்டு. ஒரு கம்ப்யூட்டர் பேசாமல் போனால், அதன் வேலையை உடனே இன்னொன்றிடம் கொடுக்காமல், மேஸ்திரி கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கை வைக்கப் பார்ப்பது அங்கேதான். வீணாக நேரம் போகிறதே, எடுத்துவிடலாமே என்பார்கள். ஏன் இருக்கிறது என்று எங்கேயும் எழுதியிருக்காது. 'தொடாதீர்கள்' என்று மட்டும் இருக்கும்.

எறும்பு அதைத் தொடவில்லை. அதைச் சுற்றி வேலை செய்துவிட்டு, அந்தக் காத்திருப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் எழுதி வைத்திருந்தது. சோதனைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமே, வைத்திருந்தது: 'ஒரே ஜன்னல் சீட்.'

அந்தப் பெயரை அவள் திரும்ப ஒருமுறை படித்தாள்.

ஜன்னல் சீட் என்பது டிப்போவில் நடந்த விவகாரம். சில வருஷங்களுக்கு முன்னால், டிக்கெட் விற்கும் கம்ப்யூட்டர் ஒன்று சற்று நேரம் பேசாமல் இருந்தது. செத்துப்போய்விட்டது என்று நினைத்து மேஸ்திரி அதன் வேலையை வேறொன்றிடம் கொடுத்துவிட்டது. அது சாகவில்லை, மயங்கித்தான் கிடந்தது. எழுந்து வந்து தானும் விற்றது. ஒரே ஜன்னல் சீட்டை இரண்டு பேருக்கு. அந்த இரண்டு பேரும் பஸ்ஸுக்குள் சட்டையைப் பிடித்துக்கொள்ள, ஒருவருக்கு உதடு கிழிந்தது. விஷயம் வெளியே போனால் மானம் போய்விடும் என்று அப்போதைய மேனேஜர் கெஞ்சினார். அதனால் சல்லடை அதை எங்கேயும் எழுதவில்லை. போனில் நான்கு பேர் பேசி, காத்திருப்பைச் சேர்த்து, விஷயத்தை அதோடு முடித்தார்கள்.

குழுவில் நான்கு பேருக்கு மட்டும் தெரிந்தது எறும்புக்கு எப்படித் தெரிந்தது?

முதலில் வாத்தியாருக்குப் போன் செய்தாள்.

"சார், ஜன்னல் சீட் விஷயத்த யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எந்த ஜன்னல் சீட்டும்மா?"

"எங்க டிப்போல நடந்ததே."

"ஓ, அதுவா. நானே மறந்துட்டேன். நான் ஏம்மா சொல்லப் போறேன்?" சற்று நிறுத்தி, "இப்ப என்னையும் சலிக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றார். குரலில் வருத்தம் தெரிந்தது.

அவள் இல்லை என்றாள். ஆனால் ஆமாம்தான். சாவியை எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்று துடிப்பவர் அவர்தானே, எறும்புக்கு எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாரோ என்று போனை வைத்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

மீதி இரண்டு பேரில் ஒருவர் கையேட்டக்கா. மேஸ்திரியை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் கையேட்டை எழுதியவர், அதனால் அந்தப் பெயர். இன்னொருவன் மிளகாய். வாத்தியாருக்கு அடுத்தபடி மேஸ்திரியை அதிகம் எழுதியவன் அவன்தான். வாயைத் திறந்தால் எரியும். கையேட்டக்காவைப் பொதுவில் வைத்து அவன் எழுதிய வார்த்தைகள் சொல்லும் தரமில்லாதவை. அக்கா ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் விலகிப் போய்விட்டார். அதன் பிறகு மிளகாயைக் குழுவிலிருந்து வெளியேற்றியது சல்லடைதான்.

யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒன்று பிடிபட்டது போலிருந்தது. சின்னச் சின்ன வேலை, சத்தம் போடாத சுபாவம், குரல் காட்டத் தயக்கம், நல்ல தமிழ். எறும்பு கையேட்டக்காவாக இருக்கலாமே! பட்ட காயத்தால் வேறு பெயரில் ஓரமாக வந்து உட்கார்ந்திருக்கலாமே. அப்படி நினைத்ததும் மனசு லேசானது. அவளுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இருந்தது.

கையேட்டக்கா இப்போது ஊரின் மறுகோடியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறார் என்று விசாரித்து, லீவு போட்டுவிட்டுப் போனாள். கடை ஒடுக்கமாக இருந்தது. சுவர் முழுக்கப் பிரேம்கள். உள்ளறையில் அக்கா ஒரு பெரியவரை உட்காரவைத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் கடைசி வரியைக் குத்துமதிப்பாகச் சொன்னார்.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களாய்யா? அது வேற போர்டு" என்றார் அக்கா. பெரியவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான் சல்லடையைப் பார்த்தார். முகம் மலரவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

"வா. உக்காரு. கண்ணு செக் பண்ணவா வந்த?"

"உங்களப் பாக்கத்தான்கா வந்தேன்." சுற்றி வளைக்க அவளுக்கு வராது. "அக்கா, எறும்பு நீங்கதானா?"

"என்ன எறும்பு?"

அக்காவின் முகத்தில் வேஷம் இல்லை. கண்ணாடித் துணியை மடித்தபடி அப்படியே நின்றார். சல்லடை முழுக் கதையையும் சொன்னாள். எறும்பு வந்தது, சாவி, ஜன்னல் சீட், எல்லாம்.

"நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல" என்றார் அக்கா. "விட்டுட்டு வந்தேன்னா வந்தேன்."

"அப்ப யாரா இருக்கும்?"

அக்கா துணியை மேஜையில் வைத்தார். "இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? நாலு பேரு. நீ இல்ல, நான் இல்ல. வாத்தியார் தன் சாவிய தனக்கே குடுத்துக்க மாட்டார்."

வெளியே யாரோ கண்ணாடிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். லைசென்ஸைப் பிடுங்கிய ஆள் பற்றிக் கணவர் சொன்னது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது.

"உடனே தூக்கிடறேன்கா. இன்னிக்கே."

"எதுக்கு? என்ன தப்பு பண்ணான் இப்ப?"

"பொய் சொல்லி உள்ள வந்திருக்கானே."

"வேல?"

"வேல சுத்தமா இருக்கு" என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கறேன். இந்தக் கையேட்டப் படிச்சா தெரிஞ்சதும் மறந்து போயிடும்னு மிளகாய் முதல்ல எழுதினானே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டீங்க. நீயும் போட்ட."

சல்லடைக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அக்கா பொய் சொல்ல மாட்டார் என்று தெரியும்.

"அது சிரிப்பா போனதாலதான் அவன் அடுத்தது எழுதினான். அத விடு." அக்காவின் குரல் ஏறவில்லை. "எறும்பு எங்கிட்ட ஒண்ணும் தப்பா பேசல. பேசினது மிளகாய். அந்த ஆளு அந்தப் பேர்லயே வந்து நிக்கட்டும். எறும்பு வேஷத்துல நல்லவனா இருக்கறது சுலபம்."

"வந்து மன்னிப்பு கேட்டா மன்னிச்சிடுவீங்களா?"

"அத ஏன் உங்கிட்ட முன்கூட்டியே சொல்லணும்?" என்று எழுந்துகொண்டார். "வெளிய ஆளு நிக்குது. நீ போயிட்டு வா."

வீட்டுக்கு வந்ததும் எறும்புக்குத் தனியாக ஒரு வரி எழுதினாள்: "மிளகாய், ஞாயிற்றுக்கிழமை காலைல உங்ககூட பேசணும்."

வழக்கமாக மாலையில் வரும் பதில் அன்று உடனே வந்தது. வணக்கமும் இல்லை, பொன்னான நேரமும் இல்லை. "எத்தன மணிக்கு?"

ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்தாள். கணவர் அடுப்படியில் பாத்திரம் கழுவுவது போல ஒரே டம்ளரைத் தேய்த்துக்கொண்டு காதை இங்கே வைத்திருந்தார். மறுமுனையில் அதே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

"ஜன்னல் சீட்லதான் மாட்டினேனா?" என்று கேட்டான்.

"ஆமா."

"கை தானா எழுதிடுச்சு. லெட்டரத்தான் தங்கச்சி பாப்பா. கோட் படிக்க அவளுக்குத் தெரியாது."

"தங்கச்சியா?"

சொன்னான். வெளியேற்றப்பட்ட பிறகு வேலை பார்க்கும் இடத்திலும் இதே வாயால் சண்டை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுவிட்டது என்று கண்காணிக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அவன் பொறுப்பு. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவனோடு பேசுவதை நிறுத்தினார்கள். வீட்டில் தங்கை மட்டும்தான். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலை. ஒரு நாள் அவன் யாருக்கோ எழுதி வைத்திருந்ததைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, இதை அனுப்பினால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அவள் பார்க்காமல் ஒரு வரியும் வெளியே போவதில்லை. அவள் மாலையில்தான் வீடு திரும்புவாள்.

பேச்சுக்கு நடுவில் போன் கை மாறியது. ஒரு பெண் குரல். "மேடம், அந்தப் பொன்னான நேரம் நான்தான். ரொம்ப ஓவரா போச்சா?"

சல்லடைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிக்கவைத்து நம்பவைக்கப் பார்க்கிறார்களோ என்றும் உடனே தோன்றியது.

அவன் திரும்ப வந்ததும் கேட்டாள்: "அப்ப மாறினது நீங்களா, உங்க தங்கச்சியா?"

"எனக்கே தெரியல" என்றான். "கோவம் வருது. முன்ன மாதிரியேதான் வருது. வெளிய போறதுக்குள்ள அவ பிடிச்சிக்கறா."

"ஏன் வேற பேர்ல வந்தீங்க?"

"மிளகாய்னு சொல்லியிருந்தா கதவத் திறந்திருப்பீங்களா?"

திறந்திருக்க மாட்டாள். அதை அவள் சொல்லவில்லை.

"சாவிய வாங்கிட்டு என்ன பண்றதா இருந்தீங்க?"

"நான் கேக்கவே இல்ல. அவராதான் குடுக்கறேன்னார்."

"வேண்டாம்னும் சொல்லலையே."

"சொல்லல" என்றான். "திரும்பவும் ஒருத்தர் நம்பறாரேன்னு இருந்துச்சு. சொல்ல மனசு வரல."

அது உண்மை போலத்தான் இருந்தது. உண்மை போல இருப்பதெல்லாம் உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொந்தப் பெயரிலேயே வந்து நிற்கட்டும் என்று கையேட்டக்கா சொன்னதை அப்படியே சொன்னாள். அப்போது எழுதுவதில் தங்கை கை வைக்கக் கூடாது என்று தன் பங்குக்கும் ஒன்று சேர்த்துச் சொன்னாள்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. ஓடிவிட்டான் என்றே அவள் நினைத்தாள். மூன்றாம் நாள் குழுவின் பொதுப் பக்கத்தில் வந்தது.

"நான் எறும்பு இல்ல. மிளகாய். வேற பேர்ல வந்து உங்க எல்லாரையும் ஏமாத்தினேன். கையேடு எழுதினவங்களப் பத்தி நான் எழுதினது கேவலம். என் கம்பெனில புதுசா வர்றவங்களுக்கு அவங்க கையேட்டத்தான் குடுப்பேன். அவங்களத் திட்டின நாள்லயும் குடுத்துட்டுதான் இருந்தேன். எனக்கு சாவி வேண்டாம். இத என் தங்கச்சி பாக்கல."

குழு கொதித்தது. வெளியே தள்ளு என்று சிலர், இவ்வளவு வேலை செய்த ஆளைத் தள்ளுவதா என்று சிலர். சல்லடைக்கு முன்னாடியே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேர் அவள் மேலேயே பாய்ந்தார்கள். வாத்தியார் போன் செய்து, "ஒரு நல்ல ஆளு கிடைச்சான்னு நிம்மதியா இருந்தேன். அதையும் சலிச்சுக் கொட்டிட்டியேம்மா" என்றார். சந்தேகப்பட்டதற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். "போகட்டும் போ. என்னச் சந்தேகப்பட்டதாலதான இவ்வளவும் வெளிய வந்துச்சு" என்றார்.

பல நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே கையில் சாவி இருக்கும் ஏற்பாடே தப்பு. இனி இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து முத்திரை போட்டால்தான் பதிப்பு வெளியாகும். ஒன்று சல்லடை. டிப்போ வேலை கழுத்து வரை இருக்கிறது என்று இந்த முறை அவள் சொல்லவில்லை. இன்னொன்று, விதை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண். அதிகம் பேச மாட்டாள், ஆனால் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மிளகாய் இருக்கலாம், சொந்தப் பெயரில், சாவி இல்லாமல். வாத்தியார் தம் பழைய சாவியை எல்லார் முன்னிலையிலும் செல்லாததாக்கிவிட்டு, மணிக்கட்டில் பட்டையோடு கையசைத்து விடைபெற்றார்.

கையேட்டக்கா அந்த மன்னிப்புக்குப் பதில் எழுதவில்லை. வாரங்கள் போயின. பிறகு ஒரு மத்தியானம் அவரிடமிருந்து கையேட்டுக்கு ஒரு திருத்தம் வந்தது. ஒரே ஒரு பத்தி. மேஸ்திரி ஏன் பொறுத்துப் பார்க்கிறது என்று, டிப்போ பெயர் இல்லாமல், எவருக்கும் புரியும்படி. மற்றவர் பார்த்துச் சரிசொல்ல வேண்டும் என்ற விதிப்படி அது மிளகாயிடம் போனது, அந்தப் பகுதி அவனுடையது என்பதால். ஒரு முழு நாள் அவன் வாய் திறக்கவில்லை. பிறகு எழுதினான்: "இரண்டாவது வரியில் 'உடனே' என்ற சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் சரி." அக்கா அந்தச் சொல்லை எடுத்தார். அவ்வளவுதான். நன்றி இல்லை, வணக்கம் இல்லை. அதன் பிறகு அக்கா அந்தப் பக்கம் வரவும் இல்லை.

மிளகாய் ஒருமுறை தவறினான். புதிதாக வந்த ஒருவரிடம், இதை எழுதும்போது தூங்கிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டுவிட்டான். சல்லடை உடனே போன் செய்தாள். "நாலு வார்த்ததான எழுதினேன்?" என்று எகிறினான். இந்த முறை யாரும் சிரிக்கிற பொம்மை போடவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள், அதைச் சொன்னாள். அவன் போனை வைத்துவிட்டான். மாலைக்குள் அந்தப் புது ஆளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தான், எழுத்துப் பிழையோடு.

அவர்கள் நண்பர்களாகிவிடவில்லை. நிரல் பற்றிப் பேசுவார்கள், தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பாள், முடிந்தது. அவன் அனுப்புவதை இரண்டு முறை படிப்பாள். மற்றவர்கள் அனுப்புவதையும் இப்போது இரண்டு முறை படிக்கிறாள், நெடுநாள் பழகியவர்கள் அனுப்புவதையும். சிலருக்கு அதில் மனத்தாங்கல்.

"இப்பவாவது அந்த ஆள நம்பறியா?" என்று ஒரு நாள் கணவர் கேட்டார்.

அவள் யோசித்தாள். "அவர் எழுதறது சரியா இருக்கு. ஆளு எப்படின்னு சொல்ல எனக்குத் தெரியாது. ஒருவேள அவருக்கே தெரியாது."

"அது போதுமா?"

"தெரியலங்க" என்றாள். மறுநாள் டிப்போவில் புதுப் பதிப்பை ஏற்ற வேண்டியிருந்தது. அதில் பாதி மிளகாய் எழுதியது, முத்திரை அவளுடையது. மேனேஜரிடம் சொல்லிவிட்டு, கூட்டம் குறைவான நேரம் பார்த்து ஏற்றினாள். ஏற்றி முடித்த பிறகும் இடத்தை விட்டு எழுந்திருக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே கவுன்டரில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. மாடிக்கு யாரும் வரவில்லை.